தாள் வீரரும் சார்பு நூல்களும்: மேசை விளையாட்டின் மலிவுப் பதிப்பு வரலாறு

விளையாட்டு என்பது நாட்டுப்புறவியலார்க்கும் மானிடவியலார்க்கும் உரிய பொருள் என்றும், இலக்கிய ஆராய்ச்சியாளர் அதனுள் புகுதல் வேண்டா என்றும் கருதுவோர் உளர். ஆடுகளமும் காய்களும் மட்டுமே உடைய விளையாட்டுக்கு அக்கருத்துப் பொருந்தலாம். ஆனால், ஒரு நூலைப் படித்தாலன்றி ஆடவியலாத விளையாட்டு ஒன்று தோன்றி, அந்நூலுக்கு விளக்கங்களும் விரிவுகளும் நூற்றுக்கணக்கில் எழுந்து, அவற்றை எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வழக்கும் மூண்டுவிட்டதாயின், அது நூல் வரலாற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இணையத்தின் வழியே சிறுவிலைக்கு விற்கப்படும் விளையாட்டுத் துணைநூல்களும், வீட்டிலேயே அச்சிட்டு வெட்டிக்கொள்ளும் சிற்றுருவங்களும் அத்தகைய பொருள்கள். இவற்றைக் கணிப்பொறிக் காலத்தின் புதுமை எனப் பலரும் கொள்வர். அவை இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு தாள் மரபின் தொடர்ச்சியே என்பதும், விளையாட்டின் பொருள்கள் உலோகத்தினின்று தாளுக்கு இறங்கிய காலந்தோறும் ஆடுவோர் தொகை பெருகியது என்பதும், அப்பெருக்கத்தோடு படியெடுக்கும் உரிமை பற்றிய சிக்கலும் உடன் வந்தது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வன.

முதற்கண் விளையாட்டின் இயல்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். ஒரு மேசையைச் சூழ்ந்து நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, தம் பாத்திரம் இன்னது செய்கிறது என்று வாயாற் கூறுவர். செயல் கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நான்கு முகம் முதல் இருபது முகம் வரை உடைய பகடைகள் இதற்குண்டு. யார் எங்கே நிற்கிறார், பகைவர் எத்துணைத் தொலைவில் உளர் என்பதைக் காட்டக் கட்டமிட்ட தாளின்மேல் விரல் உயர உருவங்கள் நிறுத்தப்படும். ஆக, இவ்விளையாட்டுக்கு வேண்டுவன இரண்டு: சொல்லாலான விதிநூல் ஒன்று, கண்ணுக்குப் புலனாகும் உருவங்கள் சில. இவ்விரண்டின் விலையே விளையாட்டின் வரலாற்றை நடத்திச் சென்றது.

பிரசியாவில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. பிரெசுலாவைச் சார்ந்த அரசு அலுவலரான இரைசுவிட்சு என்பார், போரை மேசைமேல் நடத்திக் காட்டும் ஆட்டம் ஒன்றை அமைத்து, 1812-ஆம் ஆண்டில் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னர்க்கு அளித்தார். அது பல இழுப்பறைகள் கொண்ட பெரியதொரு மரப்பெட்டி. ஆறும் குன்றும் சாலையும் வடித்த ஓடுகளை அதன்மேல் அடுக்கி நிலத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். மன்னர் மாளிகைக்கு அது அணியாயிற்று; ஆனால் படைத்தலைவன் ஒருவன் தன் பாசறைக்கு எடுத்துச் செல்லத்தக்க பொருளாக அது அமையவில்லை. அவர் மகன், தாமும் படையலுவலராக இருந்தவர், 1824-இல் அவ்வாட்டத்தைத் திருத்தி, ஓடுகளை நீக்கி, 1:8000 என்னும் அளவிலான நிலப்படத் தாளின்மேல் ஆடுமாறு செய்து, விதிகளையும் நூலாக அச்சிட்டார். தலைமைத் தளபதி முப்லிங் என்பார் அதனைப் படைத்துறை வார இதழில் பாராட்டி எழுதினார். படைப்பிரிவுகள்தோறும் அவ்வாட்டம் பரவியது. தந்தையின் ஆட்டம் அரண்மனையில் நின்றுவிட, மகனின் ஆட்டம் படை முழுதும் சென்றமைக்கு விதிகளின் சிறப்பும் ஒரு காரணமே. ஆயினும் மரமும் ஓடும் தாளாக மாறாதிருப்பின், அவ்விதிகளை எத்துணைப் பேர் கண்டிருப்பர் என்பது சிந்திக்கற்பாலது.

உருவங்களின் கதை இதனினும் முந்தியது. பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள இசுட்ராசுபர்க்கு நகரில், பதினைந்தாம் லூயி மன்னர் 1744-இல் வந்தபோது அவர் படையணிகளைத் தாளில் அச்சிட்டு விற்றதே தாள் வீரர் தொழிலின் தொடக்கம் என்று மரபாகக் கூறுவர். மன்னரின் வரவே தொடக்கமோ அன்றோ, அந்நகர் அத்தொழிலுக்குப் பெயர்பெற்றது என்பதில் ஐயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குசுத்தாவ் சில்பர்மான் என்னும் அச்சகத்தார் வண்ண அச்சில் அவ்வீரர்களை வெளியிட்டார். எப்பினால் நகரில் 1796-இல் பெல்லரென் தொடங்கிய அச்சகமும், பிரசியாவின் நொயிருப்பின் நகர அச்சகங்களும் படத்தாள்களை ஊர்தோறும் பரப்பின. நூரம்பர்க்கின் தட்டை வெள்ளீய வீரர்கள் வசதியுள்ளோர் வீட்டில் ஆடினர். ஏனையோர் வீட்டில் தாள் வீரரே ஆடினர்.

அத்தாள்களின் அமைப்பு நோக்கத்தக்கது. படைத்தலைவன் ஓரிடத்தில், முரசறைவோன் ஓரிடத்தில், கொடி தாங்குவோன் ஓரிடத்தில் தனித்தனியே வரையப்பட்டிருக்க, எஞ்சிய வரிசைகளில் ஒரே வீரன் மீண்டும் மீண்டும் வருவான். இதனை ஓவியனின் சோம்பல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. படை என்பது ஒத்த உருவங்களின் தொகுதி. அத்தொகுதியைக் குறைந்த செலவில் தரவல்லது அச்சு ஒன்றே. உலோகத்தில் இருபது வீரர் வேண்டின் இருபது மடங்கு விலை, தாளில் அவ்வாறன்று. இன்று கோப்பாக விற்கப்படும் உருவத் தாள்களிலும் தலைவன் ஒருவனும் ஏவலர் பலரும் இதே முறையில் அமைவதைக் காணலாம்.

இங்கிலாந்தில் இம்மரபு படையை விட்டு நாடகத்துக்குச் சென்றது. இலண்டன் அரங்குகளில் வெற்றி பெற்ற நாடகங்களின் பாத்திரங்களையும் திரைக்காட்சிகளையும் தாளில் அச்சிட்டு, 1811 முதல் வில்லியம் வெசுட்டு முதலியோர் விற்கலாயினர். வண்ணமிடாத தாள் ஒரு பென்னி. வண்ணமிட்டது இரண்டு பென்னி. உருவத் தாள்களோடு, நாடகத்தின் சுருங்கிய உரையைச் சிறு புத்தகமாகத் தனியே விற்றனர் என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். உருவம் வேறு, சொல் வேறு எனத் தனித்தனியே சிறுவிலைக்குக் கொண்டு, வாங்குவோன் தன் கையால் ஒன்றுசேர்க்கும் முறை இங்கேயே முழுமையுற்றுவிட்டது.

அத்தாள்களை எடின்பரோவில் சிறுவனாக வாங்கி மகிழ்ந்தவருள் ஒருவர் இராபர்ட் லூயி இசுட்டீவன்சன். அவர் 1884-இல் வெளியிட்ட கட்டுரை, அவ்விலைத் தொடரையே தலைப்பாகக் கொண்டது. அதில் அவர் கூறும் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது: வாங்குதற்கு முன் தாள்களைப் புரட்டிப் பார்ப்பதிலும், வாங்கியபின் வண்ணந் தீட்டுவதிலும் இருந்த இன்பம், நாடகத்தை நடத்திக் காட்டுவதில் அவருக்கு இருந்ததில்லை. ஆட்டத்தைவிட ஆயத்தமே இனிது என்பது அவர் துணிபு. இன்று வாங்கிய கோப்புகளை ஒருபோதும் அச்சிடாது தொகுத்து வைத்திருப்போரை நகையாடுவோர் இக்கட்டுரையைப் படித்தல் நலம்.

இசுட்டீவன்சனிடம் இம்மரபின் மூன்று இழைகளும் ஒன்றுகூடுகின்றன. சுவிட்சர்லாந்தின் தாவோசில் நோய் நீங்கத் தங்கியிருந்த காலத்தில், தம் மனைவியின் மகனான சிறுவன் லாயிடு ஆசுபோர்னுடன் அவர் மாடத்துத் தரையில் நிலப்படம் வரைந்து ஈய வீரரை நிறுத்திப் பல நாள் நீளும் போராட்டம் நடத்தினார். அதே வீட்டில் அவ்விருவரும் சிறு கையச்சுப்பொறி ஒன்றில் சில பக்கச் சிறுநூல்களை அச்சிட்டு, அறிந்தோர்க்குச் சிறுவிலைக்கு விற்றனர். 1882-இல் வந்த ஒன்றற்குப் படக்கட்டைகளையும் இசுட்டீவன்சனே செதுக்கினார். தாள் உருவம், மேசைப்போர், வீட்டச்சு ஆகியவை ஒருவர் வாழ்வில் ஒன்றுகூடியது தற்செயலே. எனினும் அவை ஒரே மனப்பாங்கின் வெளிப்பாடுகள் என்பது எம் கருத்து.

பின்னர் 1893-இல் பிரிட்டன்சு நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈய வீரரை வார்க்கும் முறையைக் கண்டு விலையைக் குறைத்தனர். எச். ஜி. வெல்சு 1913-இல் எழுதிய சிறுபோர்கள் பற்றிய விதிநூல் அவ்வீரரையே அடிப்படையாகக் கொண்டது. மரக்குண்டெறியும் பொம்மைப் பீரங்கியால் வீரரைச் சாய்ப்பதே அதன் முறை. இந்நூலை இத்துறையின் தோற்றுவாயாகக் கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. நூலின் நடையழகு அப்புகழைத் தந்திருக்கலாம்; விதிகளின் வளர்ச்சியை நோக்கின் பிரசிய நூலுக்கே முதன்மை தகும்.

அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் இயற்றிய 'டஞ்சன்சு அண்டு டிராகன்சு' 1974-இல் வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி. முதற்பதிப்பு 1000 படிகள். விலை 10 டாலர். மாணாக்கர்க்கு அவ்விலை மிகுதியாயிருந்தது. கடைகளிலும் படிகள் எளிதிற் கிடைக்கவில்லை. ஆகவே பல்கலைக்கழக வளாகங்களில் அந்நூல் ஒளிநகலாகவே பரவியது. தொடக்க ஆண்டுகளின் ஆட்டக்காரர் பலர் அச்சுப்படியைக் காணாமலே அவ்விளையாட்டை ஆடியவர். ஏட்டுச்சுவடி மரபை அறிந்த நமக்கு இஃது ஒன்றும் வியப்பன்று. படிதோறும் விடுபாடும் சேர்க்கையும் திரிபும் நேர்ந்தன. ஊருக்கொரு பாடமும் உருவாயிற்று.

உருவங்களைப் பொறுத்தும் மலிவே ஆட்சி செய்தது. கற்பனை விலங்குகளுக்கு உலோக உருவங்கள் அரியவாயிருந்த காலத்தில், கைகாக்சு மலிவுக்கடையில் ஆங்காங்குச் சரக்கான ஞெகிழிப் பொம்மை விலங்குகளைப் பையோடு வாங்கி மேசையில் நிறுத்தினார். அவை எவ்விலங்கினத்தையும் சாரா விநோத உருவங்கள். அவற்றுக்குப் பெயரும் இயல்பும் கற்பிக்க வேண்டியதாயிற்று. இரும்பைத் துருவாக்கி உண்ணும் விலங்கு ஒன்று அவ்வாறு பிறந்து, 1975-இல் வெளிவந்த 'கிரேகாக்' என்னும் முதல் துணைநூலில் இடம்பெற்றது. நூலுக்கு ஏற்ப உருவம் செய்தலே வழக்கம். ஈண்டோ சில காசுப் பொம்மைக்கு நூல் எழுதப்பட்டது.

முதல் விதிநூலின் முடிவில், ஆடுவோர் தாமே கற்பனை செய்துகொள்ளவேண்டும் என்றும், எல்லாவற்றையும் ஆசிரியரே எழுதித் தருதல் வேண்டா என்றும் பொருள்பட ஒரு குறிப்பு இருந்தது. ஆனால், ஆடுவோர் விரும்பியது வேறு. பாப் பிளெட்சா முதலானோர் 1976-இல் தொடங்கிய 'சட்சசு கில்டு' என்னும் அமைப்பு, நகரப்படமும் நிலவறைப்படமும் மலிவான தாளில் அச்சிட்டுச் சந்தாதாரர்க்கு அனுப்பி, அத்தகைய நூல்களுக்கு வாங்குவோர் உளர் என மெய்ப்பித்தது. 1980களின் தொடக்கத்தில் இசுட்டீவ் சாக்சன் கேம்சு நிறுவனம் வண்ண அட்டையில் அச்சிட்டு மடித்து நிறுத்தும் வீரர்களை வெளியிட்டது. இசுட்ராசுபர்க்கின் தாள் வீரர் புதிய ஆட்டத்துள் மீண்டும் புகுந்தனர்.

இனி இணையக் காலத்துக்கு வருவாம். பக்க அமைப்பு மாறாமல் ஆவணத்தைக் கொண்டுசெல்லும் பி.டி.எஃப். என்னும் கோப்புவகையை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2001-இல் ஆர்.பி.சி.நவ் என்னும் விற்பனைத் தளமும், 2004-இல் டிரைவ்துருஆர்.பி.சி. என்னும் தளமும் தோன்றி, 2006-இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அச்சகமும் கிடங்கும் கடையும் வேண்டாமையின், எட்டுப் பக்கமே உடைய துணைநூலையும் ஒருவர் விற்க இயன்றது. சில டாலருக்கு விற்பவும், வாங்குவோன் விரும்பியதைத் தரலாம் என விடுபவும், இலவசமாகத் தருபவும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன.

உருவக் கோப்பின் செய்முறையை அறிதல் பயனுடைத்து. ஒரு பக்கத்தில் பத்துக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்புறமும் பின்புறமும் தலையோடு தலை ஒட்டி எதிரெதிராக வரையப்பட்டிருக்கும். தடித்த தாளில் அச்சிட்டு, நடுவே மடித்து ஒட்டி, ஓரங்களை வெட்டி, அடியில் ஒரு நாணயத்தையோ அட்டைத்துண்டையோ பொருத்தினால் உருவம் நிற்கும். 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு விதிகள் ஓர் அங்குலக் கட்டத்தை ஐந்தடி நிலமாகக் கொண்டமையின், உருவங்களின் அளவும் அதற்கேற்ப நிலைபெற்றது. கிழிந்ததை மீண்டும் அச்சிடலாம். பத்துப் பகைவர் இருபதாக வேண்டின் பொத்தானை இருமுறை அழுத்தினால் போதும். முப்பரிமாண அச்சுப்பொறிகள் வீட்டுக்கு வந்தபின் உலோக உருவத்தை ஒத்த திண்ணுருவங்களுக்கும் கோப்புகள் பெருகின. ஆயினும் அதற்குப் பொறி ஒன்று வாங்கவேண்டும். கத்தரிக்கோலும் பசையும் உடையோர் தொகை என்றும் அதனின் மிகுதியே.

கருவி இருந்தால் மட்டும் போதாது. எழுத உரிமையும் வேண்டும். விளையாட்டின் உரிமை 1997-இல் 'விசார்ட்சு ஆஃப் தி கோசுட்டு' நிறுவனத்திடம் சென்றது. அது 2000-இல் திறந்த விளையாட்டு உரிமம் என்னும் ஆவணத்தை வெளியிட்டு, விதிகளின் பெரும்பகுதியை யாவரும் எடுத்தாளலாம் என இசைந்தது. துணைநூல்கள் வெள்ளமெனப் பெருகின. இவற்றுட் பல, ஒருமுறை படித்தற்கும் தகாதன என்பதை மறைத்தல் வேண்டா. 2003-இல் விதிநூல் திருத்தப்பட்டபோது பழைய விதிக்கேற்ப அச்சிட்ட துணைநூல்கள் கடைகளில் தேங்கின; சிறு பதிப்பாளர் பலர் தொழிலை விட்டனர். கோப்பாக விற்றோர்க்குக் கிடங்கில் தேங்குவதற்கு ஒன்றும் இல்லாமையின் இழப்புக் குறைவு.

இத்துணைநூல்களை வகைப்படுத்த நன்னூலார் கூறும் முதல், வழி, சார்பு என்னும் பாகுபாடு பயன்படுமா எனப் பார்த்தல் தகும். 1974-ஆம் ஆண்டு நூல் முதனூல். 2006-இல் வெளிவந்த 'ஆசுரிக்' என்னும் நூல், வழக்கொழிந்த பழைய பதிப்பின் விதிகளை வேறு சொற்களால் மீட்டெழுதி இலவசக் கோப்பாகத் தந்தது. முடிவில் முதனூலோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடும் உடைமையின் அதனை வழிநூல் எனத் தயங்காது கூறலாம். நிலவறை ஒன்றையோ விலங்குகள் சிலவற்றையோ மட்டும் கூறும் துணைநூல்கள் சார்பின்பாற் படும். அவற்றுட் சில ஒரு முதனூலுக்கு மட்டுமன்றிப் பலவற்றுக்கும் பொருந்துமாறு எழுதப்படுதலின் அப்பெயர் பின்னும் பொருத்தமாகிறது. ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. வழிநூல் செய்வான் முதனூலாசிரியனிடம் இசைவு பெறவேண்டும் என நம் இலக்கணம் கூறவில்லை. அமெரிக்கச் சட்டம் ஆடும் முறைக்கு உரிமை தருவதில்லை. அம்முறையைக் கூறும் சொற்களுக்கே தரும். ஆசுரிக் போன்ற நூல்கள் அவ்விடைவெளியிலும் உரிமத்தின் துணையிலும் நிற்பவை. முறைக்கும் சொல்லுக்கும் இடையே எல்லை வகுப்பது எத்துணை அரிது என்பதை உரை வேறுபாடு ஆராய்வோர் நன்கறிவர்.

உரிமத்தால் கிடைத்ததை உரிமையாளர் மீட்கவும் கூடும் என்னும் அச்சம் இருமுறை மெய்போலத் தோன்றியது. 2009 ஏப்பிரலில் அந்நிறுவனம் படியெடுப்புத் திருட்டைக் காரணங்காட்டித் தன் கோப்புகள் அனைத்தையும் விற்பனைத் தளங்களினின்று ஒரே நாளில் நீக்கியது. 1970களின் அச்சு வழக்கொழிந்த நூல்களும் அவற்றுள் அடங்கும். 2013 சனவரியில் பழைய நூல்கள் மீண்டும் விற்பனைக்கு வரும்வரை, முறையாக வாங்க விரும்பியோர்க்கு வழியில்லை. களவுப்படிகளோ தடையின்றி உலவின. நூல் வரலாற்று நோக்கில் இந்நான்காண்டு நிகழ்ச்சி நூற்றுக்கணக்கான துணைநூல்களைவிட முதன்மையானது. ஒரு நூலின் எல்லாப் படிகளும் ஒருவர் கையிலுள்ள ஒரு பொறியினின்றே வழங்கப்படுமாயின், அவர் கைமூடிய அன்று புதிய வாசகர்க்கு அந்நூல் இல்லையாகிவிடுகிறது. இசுட்ராசுபர்க்கு அச்சகத்தார் விற்ற தாளை அவர் திரும்பப் பெற்றிருக்க வழியில்லை.

எனினும் தாளுக்கும் அழிவுண்டு. இசுட்ராசுபர்க்கு வரலாற்று அருங்காட்சியகத்தில் வெட்டி ஒட்டிய தாள் வீரர் அணியணியாக நிற்பதற்கு, சிறுவர் கையினின்று காத்து வைத்த தொகுப்பாளரே காரணர். பெரும்பாலும் எஞ்சியவை வெட்டப்படாத தாள்கள். அதாவது விற்காதவையும் ஆடப்படாதவையும். எவை மிகுதியாக விரும்பி ஆடப்பட்டனவோ அவையே விரைவில் அழிந்தன. ஆகவே எஞ்சியதைக் கொண்டு எது பெருவழக்கினது எனத் துணிதல் தவறாகும். சுவடி ஆய்வில் நாம் கைக்கொள்ளும் எச்சரிக்கையே இது. கோப்புகளில் நிலைமை தலைகீழ்: ஆடப்பட்ட கோப்பும் ஆடப்படாத கோப்பும் வேறுபாடின்றி இருக்கின்றன, கைபட்ட கறையோ ஓரக்குறிப்போ இல்லை. எவ்வுருவம் எத்தனை மேசையில் நின்றது என்பதை நாளைய ஆராய்ச்சியாளர் எதனைக்கொண்டு அறிவர்?

இரண்டாம் முறை அச்சம் எழுந்தது 2023 சனவரியில். உரிமத்தைக் கடுமையாக மாற்றும் வரைவு ஒன்று வெளிக்கசிந்தது. அதன்படி பெருவருவாய் ஈட்டுவோர் உரிமையாளர்க்குப் பங்கு தரவேண்டியிருந்தது; பழைய உரிமமும் செல்லாதாகும் நிலை இருந்தது. சிறு பதிப்பாளரும் ஆடுவோரும் ஒருசேர எதிர்த்தனர். பலர் அந்நிறுவனத்தின் இணையச் சந்தாவை நீக்கினர். பைசோ முதலிய பதிப்பாளர் தமக்கென வேறு உரிமம் வகுக்கப் புறப்பட்டனர். அம்மாதம் 27-ஆம் நாள் நிறுவனம் வரைவைக் கைவிட்டு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அவ்வுரிமம் திரும்பப் பெற இயலாதது. ஆசிரியர் பெயரைச் சுட்டின், எவரும் எவ்விலைக்கும் அவ்விதிகளை அச்சிடலாம், விரிக்கலாம், விற்கலாம்.

அவ்வாறு விடுவிக்கப்பட்டது சொல் மட்டுமே; அவ்வாவணத்தில் ஓவியம் ஒன்றும் இல்லை. ஆதலின் உருவத் தாள் செய்வோர் அச்சொற்களைப் படித்துத் தத்தம் மனக்கண்ணாற் கண்டவாறே வரைய வேண்டியுளது. அவ்விதிகளில் இடம்பெற்ற விலங்குகளுள் இரும்பைத் துருவாக்கும் விலங்கும் ஒன்று. ஆங்காங்கிலிருந்து வந்த அந்த ஞெகிழிப் பொம்மையை வடித்த கைவினைஞர் பெயர் மட்டும் அவ்வாவணத்தின் பக்கங்களில் எங்கும் இல்லை.